கடைவாய்ப் பல்லுக்கு ஒரு சாட்சி

சமாதானபுரத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் காஜா முகைதீனுக்குத்தான் முதலில் தெரியும் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நான் எதையும் தேடிப் போவதில்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனிடம் ஊர் தானாக வந்து விழும். ஆதாரோடு கல்யாணப் பத்திரிகையை நகல் எடுத்தால் பெண்ணுக்குப் பாஸ்போர்ட். ஆதாரோடு இறப்புச் சான்றிதழை எடுத்தால் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நிற்கப் போகிறது. நான் படிப்பதில்லை. தாளை நேராக வைக்கும்போது கண் அந்தப் பக்கம் போகிறது, அவ்வளவுதான்.

எதிர்வீட்டுச் சுவிசேஷமுத்து அண்ணாச்சி பல் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்த விவரமும் அப்படி வந்ததுதான். போக்குவரத்துக் கழக டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். உரிய கையெழுத்து இல்லாமல் ஒரு நட்டைக்கூட வெளியே விட்டதில்லை என்று டிப்போவில் இன்றும் அவரைத் திட்டுகிறார்கள். மனைவி கிரேஸ் தங்கம் கொரோனா வந்த வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் ஸ்டெபி அயர்லாந்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் போன் செய்வாள். மற்ற நாட்களில் அந்த வீட்டிலிருந்து ரேடியோ சத்தம் வரும், குக்கர் சத்தம் வரும். மனிதர் சத்தம் வந்து நான் கேட்டதில்லை.

அண்ணாச்சி ஒருநாள் ஆதாரில் இரண்டு நகல் கேட்டார். எதற்கு என்றேன். பல்லுக்கு என்றார். எனக்குத் தெரிந்து உடம்பில் ஆதார் கேட்காமல் இருந்த கடைசி உறுப்பு பல்தான். அதுவும் போயிற்று.

விஷயம் இதுதான். ஸ்டெபி இருக்கிற ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைப் பரிசோதிக்காதவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்களாம். பல் கெட்டால் இருதயம் கெடும், சர்க்கரை ஏறும், ஆகவே அப்பா தவறாமல் போக வேண்டும் என்று சொல்லி, அவளே அங்கிருந்து பணம் கட்டி, முருகன்குறிச்சிப் பக்கம் புதிதாக வந்திருந்த வெண்ணகை வாய்நல நிறுவனத்தில் அவரைச் சேர்த்துவிட்டாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சேர்த்த இடம்தான் அப்படி.

நான்கு மாடி, முழுக்கக் கண்ணாடி. பாளையங்கோட்டைச் சுவர் முழுவதும் அவர்கள் விளம்பரம்தான்: ‘ஆண்டுக்கு இருமுறை எங்களிடம் பல்லைக் காட்டுங்கள்.’ நம்மூர்க்காரனுக்கு இது புதிய காரியம் இல்லை. தாலுகா ஆபீசில், பத்திரப் பதிவில், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடம் கேட்கப் போன இடத்தில் என்று நாம் எல்லா இடத்திலும் பல்லைக் காட்டித்தான் வந்திருக்கிறோம். காட்டியதற்குப் பரிசுப் பை கொடுத்து அனுப்பிய முதல் இடம் இதுதான்.

முதல் தடவை போய்விட்டு வந்த அண்ணாச்சி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வாசலில் நெற்றிக்கு நேரே ஒரு கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள். பிறகு முகக்கவசம் கொடுத்தார்கள். நிறுவன வளாகத்துக்குள் யாரும் எக்காரணம் கொண்டும் முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்று தொற்றுக் காலத்தில் ஒரு சுற்றறிக்கை போட்டிருந்தார்களாம். தொற்று போய்விட்டது. சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்ட மேலாளரும் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். போட்டவர்தான் ரத்து செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே சுற்றறிக்கை மட்டும் இருந்தது. ஸ்டோர் கீப்பரான அண்ணாச்சிக்கு இதில் ஒரு தவறும் தெரியவில்லை. முறைப்படி சரிதான் என்றார்.

இப்படியாக, பல் பரிசோதனை முழுவதும் வாயை மூடியபடியே நடந்தது. எடை பார்த்தார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒரு கேமரா முன்னால் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். முகக்கவசத்துக்கு உள்ளே அண்ணாச்சி சிரித்தார். கண் ஓரத்துச் சுருக்கத்தை வைத்துச் சிரிப்பைக் கணக்கிடும் கருவியாம் அது. ‘நன்று’ என்று வந்தது. அடுத்து வகுப்பு. மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் தாடை இருந்தது. பிரஷ்ஷை எப்படிச் சாய்த்துப் பிடித்து வட்டமாகத் தேய்க்க வேண்டும் என்று அதில் காட்டினார்கள். பிறகு ஆளுக்கு ஒரு தடவை அந்தத் தாடைக்குப் பல் தேய்த்துவிட வேண்டும். நாள் முழுக்க இத்தனை பேர் தேய்த்துவிடுவதால் அந்தத் தாடை மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. கடைசியில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். ‘என் பற்களை என் பெற்றோரைப் போலப் பேணுவேன்’ என்று அதில் ஒரு வரி. பக்கத்தில் நின்ற ஒரு கிழவரின் முகக்கவசம் அந்த வரிக்கு மட்டும் அசையவில்லையாம். அவர் முதியோர் இல்லத்து வேனில் வந்தவர்.

பரிசோதனை முடிந்தது என்று சொல்லி, பிரஷ், பேஸ்ட், சின்னக் கண்ணாடி போட்ட பையைக் கையில் கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பல்லு எப்படி இருக்காம் அண்ணாச்சி?” என்றேன்.

“நல்லா இருக்காம் பாய்.”

“வாயைத் திறந்து பார்த்தாவளா?”

“பேரைச் சொல்லிக் கூப்பிட்டாவ பாய். மைக்குல. சுவிசேஷமுத்து சார், உள்ள வாங்கன்னு.”

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் சொல்லும்போது அவர் கண் ஓரம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்தக் கருவி பார்த்திருந்தால் ‘மிக நன்று’ போட்டிருக்கும்.

அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டில் ஒரு திருநாள் வந்தது. முதல் நாளே இஸ்திரிக் கடைக்குச் சட்டை போகும். காலையில் ஷேவ் செய்து, பவுடர் போட்டு, தேவைக்கு மிக முன்னாலேயே கிளம்பிவிடுவார். நிறுவனத்தில் டோக்கன் கூப்பிடும் நேரத்தில் அவர் தேநீர் குடிக்கக்கூட எழுந்து போவதில்லையாம். ஒருமுறை தவறுதலாக இவர் பேரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். அதைப் பற்றி என்னிடம் சொன்னபோது அவர் குறை சொன்னது போல் இல்லை.

இப்படி வருடங்கள் போயின. பரிசுப் பைகள் சேர்ந்தன. எங்கள் வீட்டில் எல்லாரும் வெண்ணகை பிரஷ்தான். போன மார்கழியில் அண்ணாச்சிக்கு இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது.

அவர் பயப்படவில்லை. நமக்கென்று ஒரு நிறுவனம் இருக்கிறது என்ற தைரியத்தோடு போனார். வரவேற்பு மேசையில் இருந்தது தஸ்மியா. மேலப்பாளையத்துப் பெண், அவள் வாப்பாவை எனக்குத் தெரியும். அண்ணாச்சி வலிக்கிறது என்று சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. வலி இருப்பவர்கள் பரிசோதனைப் பிரிவுக்கு வரக் கூடாதாம். பரிசோதனைப் பிரிவில் இன்றுவரை ஒருவருக்கும் ஒரு குறையும் கண்டுபிடிக்கப்படவில்லை. நூற்றுக்கு நூறு ஆரோக்கியம். அதற்காக மூன்று விருது வாங்கியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் இவர் வலி என்று வந்து நின்றால் கணக்கு கெட்டுப்போகும். வலி போன பிறகு பரிசோதனைக்கு வரலாம், அல்லது மூன்றாம் மாடியில் இருக்கும் சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம்.

அண்ணாச்சி மூன்றாம் மாடிக்குப் போகிறேன் என்றார்.

“கூட யாரு வந்திருக்காவ சார்?” என்று தஸ்மியா கேட்டாள்.

“யாரும் வரல தாயி.”

“கூட ஆள் இல்லாம மேல அனுப்ப முடியாது சார். பல்லு எடுத்த பொறவு உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க யார்ட்ட சொல்லதுக்கு?”

நல்ல கேள்விதான். ஸ்டெபி இருக்கிறாள் என்றார். அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார்கள். அயர்லாந்து மூன்றாம் மாடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இல்லை என்பதால் அது ஒத்துவரவில்லை.

வீட்டுக்கு வந்து ஆள் தேட ஆரம்பித்தார். ஆரம்பித்தார் என்று நான் இப்போது சொல்கிறேன். அப்போது ஒருவருக்கும் அது தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அவர் கேட்ட விதம் அப்படி. என் கடைக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “நாளைக்கு முருகன்குறிச்சிப் பக்கம் ஏதும் சோலி இருக்கா பாய்?” என்றார். ஒரு சோலியும் இல்லை, ஏதாவது வாங்கிவர வேண்டுமா என்று கேட்டேன். இல்லை இல்லை, சும்மாதான் கேட்டேன் என்று போய்விட்டார். கேஸ் சிலிண்டர் போடுகிற முப்பிடாதியிடமும் இதையே கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் எங்களுக்கு லைன் கிடையாதே என்று அவன் சொன்னான். ஆட்டோ மதாரிடம் கேட்டார். எந்தப் பக்கம்னாலும் ஏறுங்க என்று அவன் ஏற்றிக்கொண்டுபோய், நிறுவன வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். அண்ணாச்சி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு டவுன் பஸ் பிடித்து வந்தார். வள்ளியூரில் அவர் அண்ணன் மகன் எபி இருக்கிறான். அவனிடம் மட்டும் கொஞ்சம் விவரமாகவே சொன்னார். லொகேஷன் அனுப்புங்க சித்தப்பா என்றான். அனுப்பினார். அனுப்பிய இடத்தில் நீல டிக் விழுந்தது.

சபையில் கேட்கலாம்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். சபையில் அவருக்காக ஜெபித்தார்கள். பல்லின் பெயரைச் சொல்லியே ஜெபித்தார்கள். ஜெபத்தை முடித்து எல்லாரும் அவரவர் ஸ்கூட்டரில் போனார்கள்.

மாசி பிறந்தபோது அவர் ரொட்டியைக் காப்பியில் நனைத்து வலது பக்கமாக ஒதுக்கித்தான் விழுங்கிக்கொண்டிருந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. தெருவில் போகும்போதும் முகக்கவசம் போட்டுக்கொண்டார். இந்த மனுசனுக்கு இன்னும் கொரோனா பயம் போகவில்லையே என்று நாங்கள் டீக்கடையில் பேசிக்கொண்டோம். ஸ்டெபி ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டால் வலது பக்கத்தைக் காட்டிப் பேசுவார். அவள் ஒவ்வொரு தடவையும் செக்கப் போனீங்களா அப்பா என்று கேட்பாள். போனேன் என்பார். பொய் இல்லை.

நிறுவனம் ஆண்டு விழா வைத்தது. வாய்நலப் பெருவிழா. ஒரு பரிசோதனைகூடத் தவறாமல் வந்த உறுப்பினர் என்று அண்ணாச்சிக்குக் கேடயம் கொடுக்கப் போவதாகத் தஸ்மியா போன் செய்தாள். அவர் கேடயத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் மூன்றாம் மாடியைப் பற்றிக் கேட்டார். அந்தப் பெண்ணுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். மேலே யாரிடமோ கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டு, கூட ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு சாட்சி இருந்தால் போதும், விழா அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம், எல்லா டாக்டர்களும் அன்று இருப்பார்கள் என்று சொன்னாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். சாட்சி என்ற சொல் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வேறு. எங்களுக்குச் சாட்சி என்றால் நிக்காஹில் உட்காருகிற இரண்டு பேர். முப்பிடாதி வீட்டில் சாட்சி என்றால் பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் பிடிக்கிற ஆள். அண்ணாச்சி வீட்டில் சாட்சி என்றால் முற்றிலும் வேறு சங்கதி. சபைக்கு முன்னால் எழுந்து நின்று, என் வாழ்க்கையில் இப்படி இப்படி நடந்தது, கடவுள் என்னை இப்படி நடத்தினார் என்று வாய்விட்டுச் சொல்வதற்குப் பெயர் சாட்சி. கிரேஸ் தங்கம் அதில் பெரிய கை. ஜெபக் கூட்டத்தில் அவர் எழுந்தால் வந்தவர்கள் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொள்வார்கள். அண்ணாச்சி அதுவரை ஒருமுறைகூட எழுந்ததில்லை. ஸ்டோர் கீப்பருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்பார்.

அவர் என் கடைக்கு வந்து, “புதன்கிழமை நான் சாட்சி சொல்லணும் பாய்” என்றார்.

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். “எந்தக் கோர்ட்டுல அண்ணாச்சி?”

“கோர்ட்டு இல்ல. பல்லு ஆஸ்பத்திரியில.”

பல் ஆஸ்பத்திரியில் ஏதோ அடிதடி நடந்திருக்கிறது, இவர் கண்ணால் பார்த்திருக்கிறார், விசாரணை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு முழு வழக்கே ஓடி முடிந்தது. இப்படி ஒன்று அடிக்கடி கிடைக்காது. அவர் வழக்கம்போல, புதன்கிழமை அந்தப் பக்கம் ஏதும் சோலி இருக்கிறதா என்று பையக் கேட்டார். இருக்கிறது, பெரிய சோலி இருக்கிறது என்றேன். அவர் கண் ஓரம் சுருங்க என்னைப் பார்த்தார். எதற்காக இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை கடையை மூடிவிட்டுப் போனேன். இரண்டாம் மாடி அரங்கத்தில் எல்லாரும் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஆள் உயரத்துக்குத் தெர்மாக்கோலில் ஒரு பல். அதன் வேர் இரண்டும் கால் மாதிரி இருந்தன. நிறுவனத் தலைவர் டாக்டர் செந்தில்முருகன் அதன் மேல் கைபோட்டு நின்றுகொண்டு பேசினார்.

“வாய் உடம்பின் வாசல்” என்று ஆரம்பித்தார். “வாசலை யாரும் திறந்து போட்டு வைப்பதில்லை. நாங்களும் திறப்பதில்லை. இதுவரை பன்னிரண்டாயிரம் பரிசோதனைகள் செய்திருக்கிறோம். ஒரு சொத்தைப் பல்லைக்கூடக் கண்டுபிடித்ததில்லை என்பதைத் தாழ்மையோடு சொல்லிக்கொள்கிறேன். நோயாளி எல்லா ஆஸ்பத்திரிக்கும்தான் போகிறான். ஆரோக்கியமானவன் வரிசையில் நிற்கிற ஒரே ஆஸ்பத்திரி நம்முடையது. சிலர் கேட்கிறார்கள், பரிசோதனையில் பல்லைப் பார்க்க வேண்டாமா என்று. நான் அவர்களைக் கேட்கிறேன். பார்த்தால் ஏதாவது தெரியும். தெரிந்தால் மனம் வருந்தும். மன வருத்தம் பல்லுக்கு நல்லதா?”

கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினரும் தட்டினார். அவருக்குப் பல் செட்டு. வேகமாகத் தட்டினால் அது இடம் மாறும் என்பதால் பார்த்துத் தட்டினார்.

சுவிசேஷமுத்து சார் மேடைக்கு வரவும் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி போனார். பல் வடிவத்தில் கேடயம் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள். அவர் கேடயத்தைக் கீழே வைத்தார். சாட்சி சொல்கிறவன் முகத்தை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

அரங்கத்தில் ஒரு சலசலப்பு. இடது கன்னம் பன் ரொட்டி மாதிரி இருந்தது. முன்வரிசையில் இருந்த டாக்டர்கள் எல்லாரும் சுற்றறிக்கை மீறப்பட்டதைத்தான் பார்த்தார்கள். செக்யூரிட்டி ஓடி வந்தார். அதற்குள் அண்ணாச்சி ஆரம்பித்துவிட்டார்.

“ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். என் பேரு சுவிசேஷமுத்து. எனக்குச் சாட்சி சொல்லிப் பழக்கம் இல்ல. எங்க வீட்டுல தங்கம்தான் சொல்லுவா. அவ இருந்த வரைக்கும் எந்த ஆஸ்பத்திரிக்கும் அவதான் என் கூட வருவா. என் பேரை நான் சொன்னதே இல்ல, அவளே சொல்லிருவா. அவ போன பொறவு என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளு இல்ல. தெருவுல அண்ணாச்சிம்பாவ. மக அப்பாம்பா. இங்கன வந்தா மைக்குல பேரைச் சொல்லிக் கூப்பிடுதாவ. அதுக்காகத்தான் வந்தேன். பல்லுக்காக வரல, ஆண்டவர் என்னை மன்னிக்கணும்.

“இப்ப பல்லு நெசமாவே வலிக்கி. கூட ஒரு ஆளு வேணும்னாவ. நான் எல்லார்ட்டயும் கேட்டேன். ஆனா எப்படிக் கேக்கணும்னு எனக்குத் தெரியல. அந்தப் பக்கம் சோலி இருக்கான்னு கேட்டேன். எனக்கு யாரும் இல்லைன்னு ஒரு மனுசன்ட்ட எப்படிச் சொல்லதுக்கு? இப்ப சொல்லிட்டேன். இதுதான் என் சாட்சி.”

பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா பழக்கத்தில் அல்லேலூயா என்றார். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னார்கள். நான் சொல்லவில்லை. என் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

டாக்டர் செந்தில்முருகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மைக்கை வாங்கினார். “கேட்டீர்களா? பல்லுக்காக வரவில்லை என்கிறார். பல்லுக்காக வராத ஒரு பல் நோயாளியை உருவாக்கியிருக்கிறோம். இதற்கு மேல் ஒரு நிறுவனம் என்ன செய்ய முடியும்?” என்றார். இந்தப் பேச்சை விளம்பரத்தில் போடலாம் என்று மேடையிலேயே முடிவாயிற்று. போட்டோக்காரர் வந்து, சார் அந்தக் கன்னம் வேண்டாம், இந்தப் பக்கம் திரும்புங்க என்று அவரை வலது பக்கமாகத் திருப்பி வைத்தார்.

விழா முடிந்ததும் அண்ணாச்சி நேராக மூன்றாம் மாடிக்கு ஏறினார். நான் பின்னால் போனேன். வழக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. திரும்பிப் போகலாம்தான். கால் மேலே ஏறியது. அன்றைக்கு அந்த மாடி மேசையிலும் தஸ்மியாதான் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“சாட்சி எங்க சார்?”

“சொல்லிட்டேனே தாயி. நீ கேக்கலையா?”

“ஐயோ, சொல்லது இல்ல சார். கூட நிக்கது. ஒரு ஆளு பக்கத்துல நிக்கணும். அதுக்குப் பேருதான் சாட்சி.”

அண்ணாச்சி கேடயத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஊரைக் கூட்டி வைத்து எல்லாவற்றையும் சொன்ன பிறகு, அது அது இல்லை என்று ஆகிவிட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை. தப்பான பாகத்துக்கு இண்டென்ட் சீட்டு எழுதிவிட்டோமே என்கிற மாதிரி நின்றார். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

“நான் நிக்கேன்” என்றேன்.

தஸ்மியா என்னைப் பார்த்தாள். என்ன உறவு என்று கம்ப்யூட்டர் கேட்கிறது என்றாள். மகன், மகள், கணவன், மனைவி, சகோதரர் என்று ஐந்து இருந்தது. எதிர்வீடு என்று ஒன்று இல்லை. “தம்பின்னு போடு” என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, “சுவிசேஷமுத்துக்குக் காஜா முகைதீன் தம்பியா மாமா?” என்றாள். போட்டுப் பார், கேட்டால் சொல்லிக்கொள்வோம் என்றேன். கேட்டிருந்தால் எந்தத் தலைமுறையில் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது என்பது வரைக்கும் சொல்ல ஆயத்தமாக இருந்தேன். அந்த மாதிரி விவரங்கள் என் வாயில் தானாக வரும். கம்ப்யூட்டர் ஒரு நொடி சுற்றிவிட்டு ஏற்றுக்கொண்டது.

உள்ளே சின்ன வயதில் ஒரு டாக்டரம்மா. சிகிச்சைப் பிரிவில் மட்டும் வாயைத் திறக்கலாமாம், தனிச் சுற்றறிக்கை. அண்ணாச்சியைச் சாய்த்துப் படுக்க வைத்து, விளக்கைத் திருப்பி, அந்த நிறுவனத்தில் முதல்முறையாக அவர் வாய்க்குள் ஒருவர் பார்த்தார். பார்த்ததும் டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்ன சார் இப்படி விட்டு வச்சிருக்கீங்க? இது வருஷக் கணக்கா இருக்கிற சொத்தை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப் போயிருந்தா ஆரம்பத்துலயே அடைச்சிருக்கலாம். இந்தப் பல்லு இன்னும் இருவது வருஷம் இருந்திருக்கும். போகவே மாட்டீங்களா?”

அண்ணாச்சி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். சாட்சிக்கு ஒரு வேலை வந்துவிட்டது.

“ஒரு தடவை விடாமப் போயிருக்காரு டாக்டர். அதுக்குத்தான் இந்தக் கேடயம்.”

“எங்க போனாரு?”

“இங்கனதான். கீழ.”

டாக்டரம்மா என்னையும் கேடயத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “கீழ பல்லும் பாக்காங்களா?” என்று கேட்டுவிட்டு ஊசியை எடுத்தார்.

பல் வந்துவிட்டது. பழுப்பாக, ஒரு பக்கம் குடைந்து, பார்க்க ஒன்றுமில்லாத சாமான். குழியில் பஞ்சை வைத்து அண்ணாச்சியைக் கடிக்கச் சொல்லிவிட்டு, டாக்டரம்மா விதியை எனக்குச் சொன்னார். ஒரு மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வாயைத் திறந்து பேசக் கூடாது. யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கவும் கூடாது. சாட்சி போட்டவர், பஞ்சை எடுக்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்புறம் உங்க சோலியைப் பார்க்கப் போகலாம்.

மதார் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். தெருவில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று சொல்கிறவன் நான். தங்கம் அக்காவைத் தூக்கிய அன்றைக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் போனதில்லை. முன் அறையில் இரண்டு நாற்காலி. ஒன்று அவர் உட்காருவது. இன்னொன்றில் வெண்ணகைப் பைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவற்றை எடுத்துத் தரையில் வைத்து, நாற்காலியைத் துண்டால் துடைத்து, உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

உட்கார்ந்தேன். எனக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. மகள் எப்போது வருகிறாள், எபி ஏன் வரவில்லை, அந்தச் சுவரில் போட்டோ மாட்டாமல் ஆணி மட்டும் ஏன் இருக்கிறது. ஒன்றையும் கேட்கவில்லை. அவராலும் ஒன்றும் சொல்ல முடியாது. காற்றாடி சுற்றியது. தெருவில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போனார்கள். யாரோ என் கடை முன்னால் நின்று பாய், பாய் என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணாச்சி போய் வாங்க என்று கையைக் காட்டினார். விதியைக் காட்டுகிற மாதிரி நான் அவர் வாயைக் காட்டினேன். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கடிகாரம் எங்கள் இரண்டு பேருக்கும் நேரே இருந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவர் கை மெதுவாக வாய்ப்பக்கம் போயிற்று. பஞ்சின் நுனியைத் தொட்டுப் பார்த்தது. எடுக்கப் போகிறார் என்று நான் செருப்பைக் காலால் துழாவினேன்.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கடித்தார். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.